1200 மில்லி

டிசம்பர் 26

அப்பாவின் எடை 61.4. கணுக்கால் நேற்றைப் போலவே.

ஊட்டிக் கேரட்டின் இனிப்பை நம்பி உப்பே போடாமல் சூப் வைத்தேன். நான்கு கேரட், ஆறு சின்ன வெங்காயம், விரல் நுனியளவு இஞ்சி. முதலில் இரும்புச் சட்டியில் ஓரம் கருகும்வரை வதக்கினேன். அதற்குப் பிறகுதான் குக்கர். மத்தால் மசித்து, மிளகைத் தட்டிப் போட்டு, இறக்கியதும் எலுமிச்சை பிழிந்தேன்.

"உப்பு மறந்துவிட்டாய், கண்ணு."

மறக்கவில்லை அப்பா.

"அப்படியானால் இது சூப் இல்லை. கேரட் குளித்த தண்ணீர்."

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னார்.

டிசம்பர் 27

61.5.

டிசம்பர் 29

அப்பா ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவு 1200 மில்லி. தண்ணீர், காபி, மோர், ரசம், மாத்திரையோடு விழுங்கும் ஒரு மடக்கு, எல்லாம் சேர்த்து. சூப்பும் அதற்குள்தான். வெளியே 4 டிகிரி. இந்தக் குளிரில் ஒரு மனிதருக்கு எத்தனை முறை "போதும் அப்பா" என்று சொல்வது?

தண்ணீராக ஓடும் சூப்பை இன்றோடு நிறுத்திவிட்டேன். பாசிப்பருப்பும் மஞ்சள் பூசணியும், கரண்டியில் நிற்கும் பதத்தில். 150 மில்லிக்கு மேல் இல்லை. இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றுகிறேன், பைத்தியம் போல. பருப்பு மட்டும் திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. "2240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்" என்றார் அப்பா. முப்பது வருடம் வகுப்பில் சொன்ன வாக்கியம். கேஸ்காரரிடமும் இதைச் சொல்லியிருக்கிறார்.

குடித்து முடித்த பிறகும் கிண்ணத்தை விடவில்லை. அது ஆறும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 1

61.8. ஆட்டுக்கால் வேண்டுமாம். புத்தாண்டாம்.

ஜனவரி 2

61.9. நேற்றே வைத்துவிட்டேன். பொசுக்கிச் சுரண்டித் துண்டு போட்ட நான்கு கால். மிளகு, சீரகம், மல்லி, பூண்டு எல்லாவற்றையும் இடித்துப் போட்டேன். குக்கரில் ஒரு மணி நேரம். வடிகட்டி இரவு முழுவதும் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தேன். இந்த மாதத்தில் ஃபிரிட்ஜ் எதற்கு? காலையில் புல்லெல்லாம் வெள்ளை. சூப் கட்டியாக உறைந்து, மேலே கொழுப்பு மூடி போல நின்றது. அதை அப்படியே கரண்டியால் பெயர்த்து எறிந்தேன். அடியில் இருந்ததைச் சூடாக்கி, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, 100 மில்லி கொடுத்தேன்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மாலையில் படுக்கையை உதறும்போது தலையணைக்குக் கீழே வர்க்கித் தூள், பேக்கரியில் விற்கும் அந்த ஊட்டி பிஸ்கட். மொறுமொறுவென்று, உப்பு உப்பாக.

யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டேன். ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 3

62.7. வர்க்கியா, ஆட்டுக்காலா, நானா?

ஜனவரி 4

63.2. பக்கத்து வீட்டு அக்கா படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் பேரகணி கிராமத்துக்குக் கிளம்பினார், வெள்ளை உடுத்தி. போகும் முன் ஒரு பொட்டலம் நீட்டினார்: இந்துப்பு. "இது உடம்புக்கு ஒன்றும் செய்யாது, தங்கச்சி." இந்துப்பும் சோடியம் குளோரைடுதான் அக்கா என்று பண்டிகை நாளில் எப்படிச் சொல்வது? வாங்கிவைத்தேன். அண்ணன் அனுப்பிய பார்சலில் பாக்கெட் சூப் பன்னிரண்டு. பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று படித்துவிட்டு அவனுக்குப் போன் செய்து கத்தினேன். குறைந்த சோடியம் என்று கடையில் விற்கும் உப்பு வாங்கட்டுமா என்று கேட்கிறான். அதில் பொட்டாசியம் இருக்கிறது, அப்பா சாப்பிடும் மாத்திரைக்கு அது ஆகாது, சீட்டிலேயே எழுதியிருக்கிறது, நீ படித்தாயா?

படித்திருக்க மாட்டான். இங்கே இருப்பது நான்.

ஜனவரி 5

63.9. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டேன். நான்காவது முறை எடுத்தார்கள். நீர் மாத்திரை இன்னொன்று. இரவு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தே தூங்கினார். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று சூப் கிடையாது.

ஜனவரி 6

63.0. "இன்றைக்காவது அந்தக் கேரட் குளித்த தண்ணீர் உண்டா?"

உண்டு.

ஜனவரி 7

62.4. கேரட்டோடு ஒரு தக்காளியும் சுட்டுப் போட்டேன். புளிப்பு இருந்தால் நாக்கு உப்பைத் தேடுவது குறைகிறது. இதை முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம். வலது கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி இன்னும் மறைய நேரமாகிறது.

ஜனவரி 8, அதிகாலை 4.10

62.3. பிளாஸ்கில் 150 மில்லி. மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டால் குளிர் விட்டுவிடும், பிறகு இதைச் சீண்டுவாரோ என்னவோ. ரிப்போர்ட் பை, மாத்திரைச் சீட்டு, எடை எழுதிய நோட்டு. ஷூ போடக் குனிந்தால் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, நான்தான் கட்டிவிட்டேன். கட்டும்போது கோட்டுப் பை என் கன்னத்தில் உரசியது. உள்ளே காகிதப் பொட்டலம், மொறுமொறுவென்று. அவர் என்னைப் பார்த்தார், நான் நாடாவைப் பார்த்தேன்.

கார் வந்துவிட்டது