விளக்குமாற்றுக் கட்டையில் ஒரு மைக்

ஹட்டனில் பக்கத்து வீட்டு மாடி. லீவுக்கு வந்த கெம்பஸ் பையன்கள் ஒரே பாட்டை இழுத்துக்கொண்டே போகிறார்கள்.

கிட்டார், கீபோர்ட், நடுவில் தப்பு மேளம். மைக்கை விளக்குமாற்றுக் கட்டையில் டேப் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பாட்டு முடிகிற மாதிரி வரும். தப்பு அடிக்கிறவன் விடமாட்டான். தகரத்தில் கொட்டுகிற மழையும் அவன் பக்கம்தான்.

இப்படியே பாட்டை இழுத்து இழுத்து வாசிக்கிற அமெரிக்காவின் ஃபிஷ் (Phish) இசைக்குழு ஞாபகம் வந்தது. 1983இல் வெர்மான்ட் பல்கலைக்கழக மாணவர்கள் சேர்ந்து தொடங்கியது. ஆரம்பத்தில் அவர்களுக்கு மைக் ஸ்டாண்ட், ஹாக்கி மட்டை!

அப்புறம் பர்லிங்டன் நகரின் நெக்டார்ஸ் என்ற சின்ன இடத்தில் இரவு இரவாக வாசித்தார்கள். பெரிய ரேடியோ ஹிட் எதுவும் இல்லை. கச்சேரியைப் பதிவுசெய்துகொள்ள ரசிகர்களை விட்டார்கள். கசட் கைமாறிக் கைமாறியே பெயர் பரவியது.

1994இல் நியூயோர்க்கின் மெடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பெரிய அரங்குக்குப் போய்விட்டார்கள். 2017இல் அதே அரங்கில் 13 இரவுகள். ஒரு பாட்டும் இரண்டாம் முறை வரவில்லை.

வாசிக்கிறவனை நம்பிக் காத்திருக்கிற கூட்டம் அவர்களுக்கு இருந்தது. நம்ம திருவிழா மேடையில் கொஞ்சம் சொந்தமாக இழுத்துப் பாருங்கள். பின்வரிசையிலிருந்து உடனே ஒரு சத்தம் வரும்: “தம்பி, தெரிஞ்ச பாட்டாப் போடுப்பா!”