முத்திரையைச் சுற்றி 21 வெட்டுகள்

இன்று அமெரிக்காவில் லூயிவில் ஸ்லக்கர் மட்டைகளின் அருங்காட்சியகத்தில், புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் மட்டையைப் பார்த்தேன்.

கம்பெனி முத்திரையைச் சுற்றிச் சின்னச் சின்ன வெட்டுகள். மொத்தம் 21.

1927ல் இந்த மட்டையால் அடித்த ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) ஒன்று. அவரே செதுக்கியது!

அந்த சீசனில் அவர் அடித்தது 60. அதைத் தாண்ட 1961 வரை ஆள் இல்லை. அத்தனை பெரிய ஆட்டக்காரர், சின்னப் பையனைப் போலக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆசை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ரூத்தின் இன்னொரு மட்டைக்கும் ஒரு கதை உண்டு. 1923ல் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் முதல் ஹோம் ரன்னை அவர் அடித்த மட்டை. 2004 ஏலத்தில் 12 லட்சம் டாலருக்கு மேல் போனது.

ரூத் அதை லாஸ் ஏஞ்சலஸில் ஹோம் ரன் போட்டியில் ஜெயித்த ஒரு பள்ளி மாணவனுக்குச் சும்மா பரிசாகக் கொடுத்திருந்தார்.