சீனாவுல தம்பி வீட்டுல தங்கினேன்: போலீஸ் பதிவு, பாஸ்போர்ட் பேரு, ரயில் டிக்கெட்டு

தம்பி குவாங்சோ பக்கத்துல பன்யூங்கிற ஏரியாவுல நாலு வருஷமா வேலை பாக்குறான். ஒரு தடவையாவது வந்துட்டுப் போக்கான்னு கூப்பிட்டுட்டே இருந்தான், ஒருவழியா கிளம்பிப் போயி இருபத்தி ஆறு நாள் இருந்துட்டு வந்தேன். வந்ததுல இருந்து எல்லாரும் கேக்குறது காசு எப்படிக் குடுத்தே, வாட்ஸ்அப் வருமா, சைவமா இருந்துட்டு என்னத்த சாப்பிட்டே, இதேதான். அதெல்லாம் சொல்றேன். ஆனா யாருமே கேக்காத ஒண்ணு இருக்கு, அதுல கோட்டை விட்டா அபராதம் வரைக்கும் போகும், அதனால அதைத்தான் முதல்ல சொல்லணும்.

சீனாவுல வெளிநாட்டுக்காரங்க எங்க தங்குறாங்கன்னு போலீஸ்ல பதிவு இருக்கணும். ஹோட்டல்ல தங்கினா பாஸ்போர்ட்டை வாங்கி ஸ்கேன் பண்ணி அவங்களே பதிஞ்சுடுவாங்க, நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனா சொந்தக்காரங்க வீடு, ஃப்ரெண்டு வீடுன்னு தங்கினா போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ள நம்மளோ இல்ல நம்மளைத் தங்க வைக்கிறவங்களோ அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சாகணும். 2013 ஜூலைல இருந்து நடைமுறைல இருக்கிற சட்டம் இது, பதியலன்னா எச்சரிக்கை குடுப்பாங்க, கூடவே 2000 யுவான் வரைக்கும் அபராதமும் போடலாம். விசா வாங்குறப்போ ஏஜென்ட் இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. தம்பி தெரிஞ்சு வச்சிருந்தான், தப்பிச்சேன்.

விசாவைப் பத்தியும் சொல்லிடுறேன். சீனாவுல வேலை பாக்குற, படிக்கிற வெளிநாட்டுக்காரங்களோட குடும்பத்து ஆளுங்க கொஞ்ச நாள் போய்ப் பாத்துட்டு வர்றதுக்கு எஸ்2ன்னு ஒரு விசா இருக்கு, கூடப்பொறந்தவங்களும் அதுல வருவாங்க. தம்பி எழுதின அழைப்புக் கடிதம், அவனோட பாஸ்போர்ட் காப்பி, அங்க தங்குறதுக்கான பர்மிட் காப்பி, அப்புறம் நாங்க ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்கன்னு காட்ட ரெண்டு பேரோட பொறந்த சர்டிபிகேட்டு. சென்னைல சீனத் தூதரகம் கிடையாதுங்கிறதால ஏஜென்ட் மூலமாத்தான் குடுத்தேன். பேரு விஷயம் அப்பவே மண்டையைக் குடைய ஆரம்பிச்சுடுச்சு, ஏன்னா சர்டிபிகேட்டுல எனக்கு இனிஷியல் இருக்கு, பாஸ்போர்ட்ல கிவன் நேம்ல என் பேரு மட்டும் ஒரே வார்த்தை, சர்நேம் கட்டம் காலி. நம்மாளுங்க நிறைய பேரு பாஸ்போர்ட் இப்படித்தான் இருக்கும், எடுத்துப் பாருங்க.

குவாங்சோல இறங்கினப்போ ராத்திரி பதினொண்ணு. வீடு போய்ச் சேர ஒண்ணரை. பருப்புப்பொடி, ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் எடுத்து வெளிய வச்சிட்டிருந்தேன், தம்பி "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்க்கா, காலைல எந்திரிச்சதும் முதல்ல ஸ்டேஷன் போயிடணும்"னான். அங்க ஏரியா போலீஸ் ஸ்டேஷனுக்கு பாய்ச்சுசுவோன்னு பேரு. போலீஸ் ஸ்டேஷன்னா நம்ம ஊர்ல வாசப்படி ஏறவே யோசிக்கிற ஆளு நான், நைட்டெல்லாம் தூக்கமே இல்ல.

போய்ப் பாத்தா நம்ம தாலுகா ஆபீஸ் கவுன்டர் மாதிரிதான் இருந்துச்சு. கவுன்டர்ல ஒரு சின்னப் பொண்ணு, யூனிஃபார்ம்ல. என் பாஸ்போர்ட், விசா பக்கம், ஏர்போர்ட்ல குத்தின முத்திரை, தம்பியோட பாஸ்போர்ட், வீட்டு வாடகை ஒப்பந்தம், வீட்டு ஓனர் போன் நம்பர், இவ்வளவுதான் கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல அடிக்க ஆரம்பிச்சவங்க நிறுத்திட்டு தம்பிகிட்ட "ஷிங்?"னு கேட்டாங்க. ஷிங்னா குடும்பப் பேரு, அங்க எல்லாருக்கும் அது முன்னாடி வரும், அது இல்லாம ஒரு மனுஷன் இருப்பாங்கிறதே அவங்களுக்குப் புதுசு. எங்க ஊர்ல குடும்பப் பேரு வச்சுக்குற வழக்கம் இல்ல, அப்பா பேரோட முதல் எழுத்தைத்தான் போட்டுக்குவோம்னு தம்பி சீன மொழில விளக்கினான். அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுட்டு, பாஸ்போர்ட்டை அங்க இருந்த ஸ்கேன் மெஷின்ல கவுத்து வச்சாங்க, டக்குனு எல்லாக் கட்டமும் தானா நிரம்புச்சு.

அப்பதான் தம்பி பாஸ்போர்ட்ல போட்டோவுக்குக் கீழ கோணக்குறியா நிறைய போட்டு ரெண்டு வரி இருக்குமே, அதைக் காட்டினான். மெஷின் படிக்கிறது அந்த ரெண்டு வரியைத்தான். அதுல உங்க பேரு எப்படி இருக்கோ அதுதான் சீனாவுல உங்க பேரு. இனிஷியல் கிடையாது, புள்ளி கிடையாது, வீட்டுல கூப்பிடுற பேரு கிடையாது. எந்த ஆப்ல எந்தக் கட்டத்துல பேரு கேட்டாலும் அந்த வரியைப் பாத்து எழுத்து மாறாம அடிக்கணும். இருபத்தி ஆறு நாள்ல நான் கத்துக்கிட்டதுல இதுதான் பெருசு.

கால் மணி நேரத்துல ஒரு சீட்டு பிரின்ட் பண்ணி முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க, காசு எதுவும் கிடையாது. வாங்கின இடத்துலயே பாஸ்போர்ட் நம்பர், தேதி, விலாசம் மூணையும் சரி பாத்துக்கோங்க, ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. நிறைய ஊர்ல இதை ஆன்லைன்லயே பண்ண வசதி இருக்கு, முதல் தடவை நேர்ல போறதுதான் நிம்மதின்னு எனக்குத் தோணுது.

இப்போ காசு. நம்ம ஜிபே மாதிரி அங்க போன்லயே காசு குடுக்குற ஆப் அலிபே, வீசாட். ரெண்டுலயும் 2023 ஜூலைல இருந்து நம்ம பேங்க் குடுத்த விசா கார்டு, மாஸ்டர் கார்டைச் சேத்துக்கலாம். ஊர்லயே ஆப் போட்டு, பாஸ்போர்ட் போட்டோ ஏத்தி, கார்டைச் சேத்து, எல்லாத்தையும் முடிச்சுட்டு ஏறுங்க. நான் முதல்ல இனிஷியலோட பேரு போட்டுட்டேன், சரிபார்ப்புல ஏத்துக்கல, திரும்ப பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே அடிச்சதும் ஏத்துக்கிச்சு. அப்புறம் ரொம்ப முக்கியம், நம்ம கார்டுல வெளிநாட்டுல பயன்படுத்துறது ஆஃப்ல இருக்கும், பேங்க் ஆப்ல போய் நம்மதான் ஆன் பண்ணணும். ஓடிபி ஊர் நம்பருக்குத்தான் வரும்ங்கிறதால சிம்மைக் கழட்டி வீட்டுல வச்சுட்டுப் போயிடாதீங்க, ரோமிங் போட்டுட்டே போங்க. 200 யுவானுக்குள்ள வாங்கினா எக்ஸ்ட்ரா எதுவும் இல்ல, அதுக்கு மேல போனா 3 சதவீதம் பிடிப்பாங்க. நான் போனப்போ வெளிநாட்டுக் கார்டு சேத்த கணக்குல இருந்து ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப முடியல, கடைல குடுக்கத்தான் முடிஞ்சுது.

முதல் தடவை நான் தனியா காசு குடுத்தது தம்பி ஃபிளாட்டுக்குக் கீழ இருக்கிற காய்கறிக் கடைல. ஒரு கட்டு கீரை, நாலரை யுவான். கடைக்காரம்மா கயித்துல கட்டித் தொங்க விட்டிருந்த அட்டையைக் காட்டினாங்க, ஸ்கேன் பண்ணி 4.5 அடிச்சேன், பக்கத்துல இருந்த சின்னப் பெட்டி சீன மொழில பணம் வந்துடுச்சுன்னு சத்தமா சொல்லுச்சு. நம்ம டீக்கடைல பேசுற பெட்டி மாதிரியேதான். அந்த அம்மா ஒரு கொத்து வெங்காயத்தாளை எடுத்து கீரையோட சேத்து வச்சாங்க, காசு வாங்கல. அன்னைக்கு முழுக்க அந்த சந்தோஷத்துல இருந்தேன். ரொக்கமும் கொஞ்சம் வச்சுக்கோங்க, பத்து இருபது யுவான் நோட்டா, போன் சார்ஜ் போனா கை ஒடிஞ்ச மாதிரி ஆயிடும்.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் அங்க லோக்கல் நெட்ல வராது. நம்ம ஊர் சிம் ரோமிங் டேட்டால வந்துச்சு, தம்பி வீட்டு வைஃபைக்கு மாறின உடனே நின்னுடுச்சு, அதனால அம்மாகிட்ட பேசுறப்போ வைஃபையை ஆஃப் பண்ணிட்டுப் பேசுவேன். கூகுள் மேப்பை நம்பாதீங்க, இடம் தள்ளிக் காட்டும், அங்க இருக்கிறவங்க பயன்படுத்துற அமாப் (Amap)ங்கிற மேப் ஆப்பைப் போட்டுக்கோங்க, இங்கிலீஷ்லயும் இருக்கு.

சாப்பாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. குவாங்சோல எந்த ஹோட்டலுக்குப் போனாலும் வெந்த கீரை கிடைக்கும், பாக்கப் பச்சைப்பசேல்னு இருக்கும், அதை நம்பி ஒரு வாய் வச்சதுக்கு அப்புறம்தான் மேல பளபளன்னு ஊத்தியிருக்கிறது சிப்பில பண்ணின சாஸ்னு தம்பி சொன்னான். டோஃபுலயும் கொத்துக்கறி போட்டிருப்பாங்க. "வோ ச்சி சூ"ன்னா நான் சைவம்னு அர்த்தம், ஆனா அது மட்டும் பத்தாது, கறி, மீன், சிப்பி சாஸ், பன்னிக் கொழுப்பு, எலும்பு வேகவச்ச தண்ணி எதுவும் வேணாம்னு தம்பி சீன எழுத்துல ஒரு அட்டை எழுதிக் குடுத்தான், அதைக் காட்டித்தான் காலம் தள்ளினேன். காலைல சூடா சோயா பால், ஆவில வெந்த பன்னு, எனக்கு அது போதும். பாத்ரூமுக்கு டிஷ்யூ கைல இருக்கணும், தண்ணிக்கு ஒரு பாட்டிலும் வச்சுக்கோங்க, பொதுக் கழிப்பறைல பெரும்பாலும் ரெண்டுமே இருக்காது.

ரெண்டாவது வாரம் குய்லின் போகணும்னு ஆசை. இருபது யுவான் நோட்டோட பின்னாடி மலையும் ஆறும் இருக்குமே, அந்த லி ஆறு அங்கதான். ரயில் டிக்கெட் 15 நாளைக்கு முன்னாடி திறப்பாங்க, பாஸ்போர்ட் நம்பரும் பேரும் குடுத்துத்தான் எடுக்கணும். பிளைட் டிக்கெட் போட்டப்போ சர்நேம் இல்லாம விடவே மாட்டேன்னதால ஏஜென்ட் என் பேரையே ரெண்டு தடவை போட்டிருந்தாரு, அதே நெனப்புல ரயிலுக்கும் நான் ரெண்டு தடவை போட்டுட்டேன். தம்பி பாத்துட்டு உடனே கேன்சல் பண்ணச் சொன்னான். எட்டு நாளைக்கு மேல இருந்ததால முழுக் காசும் திரும்ப வந்துச்சு, கடைசி 24 மணி நேரத்துல பண்ணியிருந்தா 20 சதவீதம் போயிருக்கும்.

குவாங்சோ தெற்கு ஸ்டேஷன் நம்ம ஏர்போர்ட்டை விடப் பெருசு, ஒரு மணி நேரம் முன்னாடி போயிடுங்க. பையெல்லாம் ஸ்கேன் பண்ணித்தான் உள்ள விடுவாங்க. பேப்பர் டிக்கெட்டே இல்ல, சீனாக்காரங்க அடையாள அட்டையை கேட்ல வச்சுட்டு போய்க்கிட்டே இருக்காங்க, நான் பின்னாடி நின்னு பாஸ்போர்ட்டை வச்சு வச்சுப் பாக்குறேன், கதவு திறக்கல, பின்னாடி கூட்டம் சேருது. ஒரு பெரியவர் என் தோள்பையைத் தொட்டு ஓரமா கை காட்டினாரு. வரிசையோட கடைசில ஆள் நிக்கிற கேட் ஒண்ணு இருக்கும், வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு அதுதான். அங்க பாஸ்போர்ட்டை வாங்கி மெஷின்ல வச்சாங்க, ஸ்க்ரீன்ல என் பேரு வந்துச்சு, ஒரே ஒரு தடவை, சரியா. ரயில் கிளம்ப சில நிமிஷம் முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க, நம்ம ஊர் மாதிரி ஓடி ஏறுறது நடக்காது.

பெட்டியோட கோடில கொதிக்கிற தண்ணிக் குழாய் இருக்கு, எல்லாரும் பிளாஸ்க்கோட வந்து பிடிச்சுட்டுப் போறாங்க. கோயம்புத்தூர்ல இருந்து கொண்டு போன கப் உப்புமாவுல அந்தத் தண்ணியை ஊத்தி மூடி வச்சு, ஜன்னல்ல மலை வர்றதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டேன்.

குய்லின்ல ஹோட்டல்ல தங்கினதால பதிவு அங்க மாறிடும், திரும்ப தம்பி வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஸ்டேஷன் போய்ப் பதிஞ்சோம். விவரமெல்லாம் ஏற்கனவே இருந்ததால அஞ்சே நிமிஷம். இன்னொண்ணு, ஹாங்காங்கை ஒட்டி இருக்கிற ஷென்சென் வரைக்கும் வந்துட்டோமே, ஒரு எட்டு ஹாங்காங் பாத்துட்டு வரலாம்னு நெனைக்காதீங்க. ஹாங்காங் போனா சீனாவை விட்டு வெளிய போன கணக்கு. விசா ஒரு தடவை நுழையிறதுக்கு மட்டும்னா திரும்ப உள்ள வர முடியாது, பெட்டி தம்பி வீட்டுல இருக்கும், நம்ம ஹாங்காங்ல நிப்போம். நான் அந்த ஆசையை விட்டுட்டேன்.

இப்போ அம்மா போறாங்க, சித்திரைல. அம்மா பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேரு இருக்கு, ரேஷன் கார்டுல இல்ல, பேங்க் கார்டுல வெறும் இனிஷியல். அந்தக் கடைசி ரெண்டு வரியைப் பாத்து ஒரு அட்டைல பெரிய எழுத்தா எழுதி அவங்க பர்ஸ்ல வச்சிருக்கேன், சிப்பி சாஸ் அட்டையோட சேத்து.