கிணற்று நீரும் பள்ளி முத்திரையும்: ஒரு வேதியியல் செயல்திட்டம் முடிந்த கதை

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் வேதியியல் செயல்திட்டம் ஒருவழியாகச் சென்ற வாரம் முடிந்தது; அதற்காக அலைந்த எரிச்சல்தான் இன்னும் தீரவில்லை. சிபிஎஸ்இ செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்களில் செயல்திட்டத்துக்கு உரியவை வெறும் 4. அந்த நான்குக்காக வேதியியல் எங்களைப் படுத்தியதைவிட, முத்திரையும் கையெழுத்தும் சரியாக இல்லாத ஒரு கடிதம் படுத்தியதே அதிகம். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் அடுத்த ஆண்டு இதே வழியில் போகவிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

தலைப்பிலேயே முதல் சிக்கல் வந்தது. பாடத்திட்டம் பரிந்துரைக்கும் தலைப்புகள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம்: கொய்யாப் பழத்தில் ஆக்சலேட், பாலில் கேசீன், சோயா பால், உணவுக் கலப்படம். இவை ஒவ்வொன்றுக்கும் முடிவுரை வரை தட்டச்சு செய்த கோப்பு பள்ளி எதிரேயுள்ள நகலகத்தில் தயாராகக் கிடைக்கிறது; பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டுத் தருகிறார்கள். என் மகள் அதற்கு உடன்படவில்லை. அவளுடைய தோழி ஒருத்தி, எங்கள் தாலுகாவுக்கே பெயர் வாங்கித் தந்த கள் எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு புளிக்கிறது என்று ஆராய விரும்பினாள். வேதியியலாகப் பார்த்தால் அருமையான தலைப்பு. பெயரைக் கேட்டதுமே பள்ளியில் நிராகரித்துவிட்டார்கள்.

என் மகள் எடுத்துக்கொண்டது நீரின் கடினத்தன்மை. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். அந்த நீரையும், பழைய திறந்த கிணற்று நீரையும், மூலத்தறை அணையிலிருந்து வரும் கால்வாய் நீரையும் ஒப்பிடுவது அவள் திட்டம். கிழக்குப் பாலக்காட்டு நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதால் அதையும் அளக்க ஆசைப்பட்டாள். அதற்கான நிறமானி பள்ளியில் இல்லாததால் கைவிட வேண்டியதாயிற்று. கால்வாயில் எப்போதும் நீர் இருக்காது, பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி திறந்துவிடும்போதுதான் வரும். ஆகவே மாதிரி எடுக்கும் நாளை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அலைச்சல் தொடங்கியது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில்தான். ஈடிடிஏ என்பது நீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிணைத்துக்கொள்ளும் வேதிப்பொருள். அதன் கரைசலை நீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, நிறம் மாறும்வரை எவ்வளவு செலவாகிறது என்று அளப்பதுதான் தரம் பார்த்தல். அந்த ஈடிடிஏ கரைசலின் செறிவைச் சரிபார்க்க, 1 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சிறிது அமிலத்தில் கரைத்து 1 லிட்டராக்க வேண்டும். தேவைப்படுவது சில மில்லிலிட்டர்தான். பள்ளி அலுவலகத்தில் கேட்டபோது, ஆய்வகத்தில் அமிலம் தீர்ந்துவிட்டது, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அங்கிருந்த எழுத்தர். அமில வீச்சு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு, வாங்குபவரின் புகைப்பட அடையாள அட்டையைப் பார்த்து, முகவரியையும் நோக்கத்தையும் பதிவேட்டில் எழுதாமல் கடைக்காரர் அமிலம் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கவே கூடாது. கடைக்காரர் பள்ளியின் கடிதமும் கேட்டார். அதில் எனக்கு அவர்மேல் வருத்தம் ஏதுமில்லை.

வருத்தமெல்லாம் எழுத்தர் தந்த கடிதத்தின்மேல்தான். முதல் கடிதத்தில் எவ்வளவு அமிலம், எதற்காக என்ற விவரமே இல்லை. கடையில் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவதில் விவரம் இருந்தது. முதல்வர் விடுப்பில் இருந்ததால் அவருக்காக என்று குறித்து வேறு யாரோ கையெழுத்திட்டிருந்தார்கள், முத்திரையோ பாதிதான் பதிந்திருந்தது. அதுவும் செல்லவில்லை. கடைசியில் விஷயம் ஆய்வக உதவியாளர் காதுக்கு எட்ட, அவர் அலமாரியைத் திறந்து முக்கால் பங்கு நிறைந்த அமிலப் புட்டியை எடுத்துக் காட்டினார்! கல்வி நிறுவனங்கள் அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில்தான் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்திருந்தால் எங்கள் பேருந்துக் கட்டணம் மிஞ்சியிருக்கும். ஆகவே அலுவலகச் சன்னலில் கேட்பதோடு நிற்காமல், ஆய்வகத்துக்குள் வேலை செய்பவரிடம் நேரில் கேளுங்கள்.

ஈடிடிஏ உப்பும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் கோயம்புத்தூரில் எளிதாகக் கிடைத்தன. நிறங்காட்டியைக் கரைசலாக்கி வைத்தால் விரைவில் கெட்டுவிடும். ஒரு பங்குக்கு நூறு பங்கு சமையல் உப்பு சேர்த்து அரைத்துப் பொடியாக வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் தாங்கும்.

ஆய்வகத்தில் ஒரே ஒரு தடை. சிவப்பு ஒயின் நிறம் தெளிவான நீலமாக மாற வேண்டிய இடத்தில், கலங்கலான ஊதாவிலேயே நின்றது. நிறங்காட்டிதான் கெட்டுவிட்டது என்று டீச்சர் உட்பட எல்லாரும் சொன்னார்கள். உண்மையில் நீரின் பிஎச் அளவை, அதாவது காரத்தன்மையை, 10இல் நிறுத்தி வைக்கும் தாங்கல் கரைசலுக்கு எடுத்த அமோனியாப் புட்டி மிகப் பழையது. மூடியைத் திறந்தால் மூக்கில் நெடியே ஏறவில்லை. அமோனியா ஆவியாகிவிட்டதால் பிஎச் 10க்கு எட்டவில்லை. இதைக் கண்டுபிடித்தது என் மகள். புதிய அமோனியா வந்ததும், முதல் தரம் பார்த்தலிலேயே நீலம் பளிச்சென்று தெரிந்தது.

அதன்பின் எல்லாம் சுலபம். 0.01 மோலார் ஈடிடிஏ 1 மில்லிலிட்டர் 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்பதால், 50 மில்லிலிட்டர் மாதிரி எடுத்தால் பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து செலவான மில்லிலிட்டர்களை 20ஆல் பெருக்கினால் போதும், லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கடினத்தன்மை என்பது தெரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. ஆனைமலைப் பக்கத்து மழைநீரைக் கொண்டுவரும் கால்வாய் முதல் வரம்புக்குள் அடங்கிவிட்டது, எங்கள் ஆழ்துளைக் கிணறு அதைத் தாண்டிவிட்டது.

கோப்பின் சான்றிதழ்ப் பக்கத்தில் ஆசிரியர், முதல்வர் இருவரும் கையொப்பமிட்ட பிறகே கோப்பைப் பைண்டிங்குக்குக் கொடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத்தர் சொன்னதை நம்பிக் கட்டிய கோப்பைப் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கோப்பைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கூர்மையான கேள்வி கேட்டிருக்கிறார்: தற்காலிகக் கடினத்தன்மையை நீக்கக் கொதிக்க வைக்கும்போது நீர் வற்றிவிடுமே, அப்போது மீதமுள்ள கடினத்தன்மையின் கணக்கு எப்படிச் சரியாகும்? வீழ்படிவை வடிகட்டியபின் காய்ச்சி வடித்த நீர் சேர்த்துப் பழைய கன அளவுக்கே கொண்டுவந்தேன் என்று இவள் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் சொல்ல, அவர் அடுத்த மாணவியை அழைத்துவிட்டாராம். நகலகக் கோப்போடு வந்த சிலரிடம் இதேபோல் அடிப்படைக் கேள்வி கேட்டபோது பதிலே வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மிஞ்சிய ஈடிடிஏவும் நிறங்காட்டிப் பொடியும் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் இதே தலைப்பை எடுப்பவர்கள் கேட்டால் தருகிறேன். அமோனியாவை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.