இருட்டிய பிறகு ஒற்றினால்தான் புடலை பிடிக்கிறது

மூன்றாவது கோடையில் (தென்னாப்பிரிக்காவில் தை மாதம் கோடைதான்) புடலை காய்த்துவிட்டது. பொங்கலன்று காலை பந்தலிலிருந்து அறுத்த முதல் புடலங்காய் 92 சென்டிமீட்டர். பாசிப்பருப்புக் கூட்டாகி, சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் தட்டில் இடம் பிடித்தது. இரண்டு வருஷமாகப் பிஞ்சு பிஞ்சாக மஞ்சளாகி உதிர்த்த அதே விதைதான். ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் பெண் பூவில் ஒற்றியதில்தான் பிஞ்சு பிடித்தது. சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் புடலை போடுகிறேன் என்றால் டர்பன்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அவர்களுக்குக் கடற்கரை வெக்கை இருக்கிறது. வேலியோரம் விதை விழுந்தாலே கொடி ஏறிவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் நான் இருக்கும் லெனேசியா கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் உறைபனி. கோடையிலும் மாலையானால் இடி, கூடவே ஆலங்கட்டி. ஒரே ஒரு ஆலங்கட்டி மழை போதும், புடலை இலை வடிகட்டி மாதிரி ஆகிவிடும். அதனால்தான் பின்கட்டில் 3 மீட்டருக்கு 2 மீட்டரில் ஒரு குடில்: வளைத்த இரும்புக் குழாய், 200 மைக்ரான் பிளாஸ்டிக் ஷீட், இரண்டு பக்கமும் சுருட்டி ஏற்றக்கூடிய மறைப்பு, அதற்குள் பூச்சி வலை. இந்தப் பூச்சி வலையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

விதை பக்கத்து வீட்டு ஆயா கொடுத்தது. அவர் பிறந்தது டர்பனுக்கு வடக்கே டோங்காட் பக்கம். 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த பல கப்பல்களின் ஆட்களும் கரும்புக்காட்டு ஒப்பந்தம் முடித்துக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். ஆயாவின் குடும்பமும் அந்த வழிதான். வீட்டில் இப்போது பேச்சு முழுக்க இங்கிலீஷ். ஆனால் காய் என்று வந்துவிட்டால் பொடலங்கா, பீக்கங்கா, அவரக்கா என்று தமிழ் மட்டும்தான் வாயில் வரும். பழுத்துச் சிவந்த காயிலிருந்து எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்த விதை, பழைய மருந்து டப்பாவில் 18 இருந்தது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே ஆடி என்பது குளிர்காலத்தின் கடைசி. ஆனாலும் குடில் இருந்தால் ஆடிக் கடைசியில் விதைப்பது சரியாகவே வருகிறது. விதை ஓட்டின் ஓரத்தை உரசி, ஒரு நாள் ஊறவைத்து, ட்ரேயில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அந்தச் சூடு போதும். 11 முளைத்தது. அக்டோபர் முதல் வாரம் குடிலுக்குள் மாற்றி, பத்தாவது இலையில் நுனி கிள்ளி, பக்கக் கிளைகளைப் பந்தலில் விட்டேன். பெண் பூ பெரும்பாலும் அந்தப் பக்கக் கிளைகளில்தான் வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் கோடையில் பிஞ்சு உதிர்ந்தபோது உரம் பத்தவில்லை என்று நினைத்தேன். மாட்டுச்சாணம், சாம்பல், வாழைத்தோல் ஊறல் எல்லாம் கொடுத்தேன். கொடி அடர்ந்ததே தவிர காய் இல்லை. இரண்டாவது கோடையில், தேனீ உள்ளே வராததுதான் காரணம் என்று புரிந்து, பூசணிக்குச் செய்வது போலக் காலை 7 மணிக்கு தூரிகையோடு போய்ப் பூப் பூவாகத் தடவினேன். 26 பெண் பூ. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஆயாவிடம் சொன்னேன். "எங்க தோட்டத்துல யாரும் பூவைத் தொட்டதே இல்ல தம்பி, அதுவா காய்க்கும்" என்றார்.

அந்த வார்த்தை மனதில் கிடந்தது. அவர்கள் தோட்டத்துக்கும் என் குடிலுக்கும் என்ன வித்தியாசம்? வலை. அப்படியானால் வலைக்கு வெளியே நின்றுவிடுவது எது? விடை போன டிசம்பரில் கிடைத்தது. ராத்திரி எட்டு மணி இருக்கும். மேற்கே மின்னிக்கொண்டிருந்தது, ஆலங்கட்டி வருமோ என்று பக்க மறைப்பை இறக்கப் போனேன். டார்ச் அடித்தால் பந்தல் முழுக்க வெள்ளை வெள்ளையாக, நூல் நூலாகப் பிரிந்து விரிந்த பூ. மெல்லிய வாசனை வேறு. காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் சுருண்டு போன பூவை! புடலை இருட்டிய பிறகு பூக்கிற கொடி, அதைத் தேடி வருவது ராத்திரிப் பூச்சி, அந்தப் பூச்சியைத்தான் நான் வலை போட்டு வெளியே நிறுத்தியிருந்தேன்.

மறுநாளிலிருந்து வேலை நேரத்தை மாற்றினேன். இங்கே டிசம்பரில் சூரியன் மறைய ஏழு மணி ஆகிறது. ஏழரைக்கு மொட்டு இளகும், எட்டுக்கு முழுசாக விரியும். எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் ஒற்றியவைதான் நன்றாகப் பிடித்தன.

தூரிகை வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பூவின் அடியில் ஒரு குறுகிய குழல் இருக்கிறது. மகரந்தம் அந்தக் குழலின் வாய்க்குள் அடங்கிக் கிடக்கிறது. தூரிகை மேலே இருக்கிற நூல்களில் சிக்கிக்கொண்டு, மகரந்தத்தை அங்கேயே பூசிவிடுகிறது. ஆண் பூவை (நீளக் காம்பில் கொத்தாக வருமே, அது) பறித்து, நூல்களைக் கிள்ளி எறிந்து, குழலை நகத்தால் நீளவாக்கில் கிழித்தால் மஞ்சள் முண்டு வெளியே வரும். காம்பைப் பிடித்துக்கொண்டு அதைப் பெண் பூவின் நடுவில் வைத்து மெதுவாக ஒருமுறை சுற்ற வேண்டும், அவ்வளவுதான். அழுத்தக் கூடாது. ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ வைத்தேன். கை ஈரமாக இருந்தால் மகரந்தம் திரண்டுவிடும், அதனால் தண்ணீர் ஊற்றும் வேலையை மாலையே முடித்துக்கொண்டேன். ஒற்றிய பூவின் காம்பில் சிவப்பு நூல். டிசம்பர் 9 முதல் ஜனவரி 6 வரை 31 பூ ஒற்றி, 22 பிடித்தது.

பிடிக்காத 9-இல் 6, குடிலுக்குள் பகலில் 40 டிகிரி தாண்டிய மூன்று நாட்களில் ஒற்றியவை. அந்தச் சூட்டில் மகரந்தம் வீணாகிவிடுகிறது. பகலில் இரண்டு பக்கமும் மறைப்பைச் சுருட்டி, மேலே நிழல்வலை போட்ட பிறகு சரியாயிற்று.

எல்லாக் கொடிக்கும் ராத்திரி என்று நினைத்துவிட வேண்டாம். பூசணியும் பாகலும் காலை வேலை. பீர்க்கு மாலை மங்கும் நேரம். சுரைக்கும் மாலைக்குப் பிறகுதான்.

பிஞ்சு ஒரு சாண் ஆனதும் நுனியில் கல் கட்டினேன். கட்டாமல் விட்ட இரண்டு, கொம்பு மாதிரி சுருண்டுகொண்டன. குடிலின் உயரம் 2.1 மீட்டர்தான், நீளக் காய் தரையைத் தொடப் பார்க்கிறது. அடுத்த முறை குட்டைப் புடலை விதை கிடைத்தால் அதைத்தான் போடுவேன். ஃபோர்ட்ஸ்பர்க் கடைகளில் கேட்டுப் பார்த்தேன், காய் வருகிறது, விதை இல்லை. ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அனுமதிச் சீட்டு இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது, ஒரு நோய் உள்ளே வந்தால் எத்தனை தோட்டம் கெடும். அதைச் செய்ய மாட்டேன்.

நகம் இறங்குகிற பதத்தில் அறுத்துவிட வேண்டும். கூட்டு, தேங்காய் போட்ட பொரியல், அப்புறம் உள்ளே இருக்கிற குடலும் பிஞ்சு விதையும் காய்ந்த மிளகாய், உளுந்து, துளி புளியோடு வதக்கி அரைத்த துவையல். எனக்கு அந்தத் துவையல்தான் காயைவிட மேல். ஆயா வீட்டில் கடலைப்பருப்பு, தக்காளி, நிறையப் பச்சைமிளகாய் என்று காரமாகச் செய்தார்கள். முதல் கவளம் சாப்பிட்டுவிட்டு, "எங்கம்மா கை" என்றார். நான்கு காய் அவர் வீட்டுக்கே போயிற்று.

கொடி இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும்போதே மனசு கத்தரிக்குப் போய்விட்டது. இங்கே நம் குடும்பங்கள் பல புரட்டாசி முழுக்கக் கறி சமைப்பதில்லை. அந்த நேரம் பார்த்து என் குடிலில் கீரையைத் தவிர ஒன்றும் இருக்காது. இந்த மே மாதம் கத்தரிச் செடிகளைப் பிடுங்காமல், ஒரு முழம் விட்டு வெட்டி, வைக்கோல் மூடி, குளிரைத் தாண்ட வைக்கப் போகிறேன். ஆகஸ்டில் துளிர்த்தால் புரட்டாசிக் கடைசியிலாவது காய் வர வேண்டும். அதற்கு முன்னால் ஷீட்டில் ஆலங்கட்டி போட்ட ஏழு ஓட்டையை ஒட்ட வேண்டும். பந்தலின் வடக்கு மூலையில் இரண்டு நூல் கட்டிய காய் ஒன்று தொங்குகிறது, அது விதைக்கு. யாரும் அறுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.