டாட்சன் 240 இசட்டும் போரிங் பட்டறைக்காரனின் கணக்கும்

பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கூபேக்களை, அதாவது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பெரும்பாலோர் டொயோட்டா 2000 ஜிடி-யில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டொயோட்டாவும் யமஹாவும் சேர்ந்து 1967 முதல் 1970 வரை செய்த அந்தக் காரின் அழகில் குறை காண என்னாலும் இயலாது. கிரவுன் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிளாக்கின் மேல், வால்வுகளைத் திறக்கும் இரட்டைக் கேம்ஷாஃப்ட் கொண்ட புதிய ஹெட்டை யமஹா அமைத்து, 1,988 சிசி-யிலிருந்து 150 குதிரைத்திறனை எடுத்தது. டாஷ்போர்டின் மர வேலைப்பாடும் அதே நிறுவனத்தின் இசைக்கருவிப் பிரிவினுடைய கைவண்ணம். 1966 அக்டோபரில் யாதாபே சோதனைத் தடத்தில் 72 மணி நேரம் ஓடி 3 உலகச் சாதனைகளையும் 13 சர்வதேசச் சாதனைகளையும் அது படைத்தது. ஆனால் மொத்தத்தில் ஏறத்தாழ 350 கார்களே செய்யப்பட்டன. 1969 அக்டோபரில் நிசான் நிறுவனம் டாட்சன் என்ற பெயரில் அறிமுகப்படுத்திய 240 இசட்டை நான் அதற்கும் மேலே வைக்கிறேன். சாதாரணப் பட்டறையில் பிரித்துப் பூட்டக்கூடிய பாகங்களைக் கொண்டே அவ்வளவு நல்ல ஒரு காரைச் செய்யலாம் என்பதை அதுவே காட்டியது.

இப்படி எண்ணுவதற்கு என் தொழிலும் ஊரும் காரணம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில், எஞ்சின் போரிங் பட்டறை, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து சரிசெய்யும் பட்டறை நடத்துகிறேன். அரசாங்கக் காகிதங்களில் மலையாளம், வீட்டிலும் கடையிலும் தமிழ், சாமான் வாங்குவதற்குப் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் என்று வாழும் எல்லைப் பகுதி எங்களுடையது. குவைத்தில் ஜப்பானிய வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை செய்த என் சித்தப்பா, விடுமுறைக்கு வந்தபோது மற்றவர்களுக்குத் துணியும் சென்டும் கொண்டுவந்தார். எனக்கு 240 இசட்டின் சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டுவந்தார். காரை நான் நேரில் பார்ப்பதற்கு முன்பே அதன் எஞ்சினைக் காகிதத்தில் பலமுறை பிரித்துப் பார்த்துவிட்டேன்.

எல்24 என்ற அந்த எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 73.7 மி.மீ., கொள்ளளவு 2,393 சிசி. 1967-ல் வந்த டாட்சன் 510 என்ற குடும்பக் காரின் நான்கு சிலிண்டர் எல்16 எஞ்சினுக்கும் சிலிண்டர் விட்டம் இதே 83 மி.மீ. தான். ஒரு குமாஸ்தா அலுவலகத்துக்கு ஓட்டிச்சென்ற காரின் எஞ்சினும், 151 குதிரைத்திறனுடன் சீறிய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இதைப் படித்தபோது எனக்கு எழுந்த மகிழ்ச்சி, போரிங் இயந்திரத்தின் முன்னால் நின்று பழகியவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர்களைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 240 இசட்டில் இருப்பவை இரண்டு எஸ்.யூ. வகைக் கார்பரேட்டர்கள், செய்தது ஹிட்டாச்சி. நம் நாட்டுப் பழைய அம்பாசடர்களில் இருந்ததும் எஸ்.யூ. தான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் உறிஞ்சும் வேகத்தால், கார்பரேட்டரின் குவிந்த மூடிக்குள் இருக்கும் பிஸ்டன் மேலே எழுகிறது. காற்றுப் பாதை அகலமாகிறது. பிஸ்டனின் அடியில் பொருத்திய கூம்பு ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டிலிருந்து விலகி, அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலை விடுகிறது. பிஸ்டனின் நடுவே ஊற்றிய சிறிதளவு எண்ணெய் அது சட்டென்று துள்ளி எழாமல் தடுப்பதால், திடீரென மிதிக்கும் அந்தக் கணத்தில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகச் சேர்ந்து வண்டி திக்காமல் பாய்கிறது. இவ்வளவு வேலையையும் ஒரு பிஸ்டன், ஒரு ஊசி, கொஞ்சம் எண்ணெய் ஆகியவை செய்துவிடுகின்றன. இரண்டு கார்பரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று அறிய, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு இரண்டின் வாயிலும் மாறி மாறிக் கேட்டு, சத்தம் ஒன்றாகும் வரை திருகைத் திருப்பினால் போதும். பொள்ளாச்சியில் ஆயுள் முழுவதும் அம்பாசடர்களோடு கழித்த ஒரு மூத்த மெக்கானிக்கிடம் சர்வீஸ் புத்தகத்தில் கார்பரேட்டர் உள்ள பக்கத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இது நம்ம அம்பாசடர் கார்பரேட்டருங்களே, தம்பி! ரெண்டு வெச்சிருக்கறான், அவ்வளவுதானுங்க" என்றார். உலகம் போற்றும் ஒரு காரின் மூச்சுக்குழல் அவருக்குக் கைவந்த பொருளாக இருந்தது.

இந்த எளிமைக்குப் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. அமெரிக்காவில் நிசானின் விற்பனையை வளர்த்த யுதாகா கதயாமா, நீண்ட மூக்கும் குறுகிய பின்புறமும் கொண்ட, நடுத்தர வருவாய்க்காரர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று தலைமையகத்தை விடாமல் வற்புறுத்தினார். யோஷிஹிகோ மாட்சுவோவின் குழு அதற்கு வடிவம் தந்தது. ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்று வழங்கிய அந்தப் பெயரை அமெரிக்க வண்டிகளிலிருந்து நீக்கி, 240 இசட் என்ற பெயரைக் கதயாமா பதிக்கச் செய்தார். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்பக்கம் டிஸ்க் பிரேக், ஆறு சிலிண்டர் எஞ்சின் ஆகிய எல்லாம் சேர்ந்து அங்கே தொடக்க விலை 3,526 டாலர்.

அந்தக் கார் அழகுப் பொம்மை அன்று என்பதைக் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலி மெய்ப்பித்தது. சேறும் புழுதியும் நிறைந்த அந்தப் போட்டியை 1971-ல் எட்கர் ஹெர்மானும், 1973-ல் ஷேகர் மேத்தாவும் 240 இசட்டில் வென்றார்கள். மேத்தா உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். இடி அமீன் ஆட்சியில் குடும்பத்தோடு கென்யாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1973-ல் அவரும் இன்னொரு டாட்சனை ஓட்டிய ஹாரி ஷெல்ஸ்ட்ரோமும் சமமான தண்டனைப் புள்ளிகளோடு முடித்தபோது, அதிக தூரம் வரை புள்ளி இழக்காமல் வந்தவர் என்ற முறையில் மேத்தா வெற்றியாளர் ஆனார். பின்னர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார். இந்தியர்கள் கார் பந்தயம் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் இன்னும் அதிகமாக ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எளிமைக்கு முற்றிலும் எதிர்த்திசையில் சென்றும் என் மதிப்பைப் பெற்ற ஒரே கார் மஸ்தா காஸ்மோ. மஸ்தா கார்களைச் செய்த ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ நிறுவனம், பெரிய நிறுவனங்கள் தன்னை விழுங்கிவிடாமல் இருக்கத் தனக்கென்று ஒரு தொழில்நுட்பம் வேண்டும் என்று கருதி, 1961-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யூ. நிறுவனத்திடம் சுழல் எஞ்சினுக்கான உரிமம் பெற்றது. பிஸ்டன் மேலும் கீழும் போவதற்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழலும் அந்த எஞ்சினில், ரோட்டரின் முனைகளில் கசிவைத் தடுக்கும் சீல்கள் அதிர்ந்து உட்சுவரில் வரிவரியாகத் தழும்புகளை உண்டாக்கின. அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்றே பொறியாளர்கள் அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு, சீலின் இயல்பான அதிர்வெண்ணை மாற்றினால் கீறல் குறையும் என்று கண்டறிந்து, இறுதியில் கரியும் அலுமினியமும் கலந்த சீலைச் செய்து வென்றது. 1967 மே மாதம் விற்பனைக்கு வந்த காஸ்மோவின் இரண்டு ரோட்டர்களும் சேர்ந்து 982 சிசி தான். திறனோ 110 குதிரை. அடுத்த ஆண்டு நூர்பர்க்ரிங்கில் நடந்த 84 மணி நேரப் போட்டிக்கு இரண்டு காஸ்மோக்கள் சென்றன. ஒன்று முடிவை நெருங்கும் வேளையில் அச்சு பழுதாகி நின்றது. மற்றொன்று நான்காவதாக முடித்தது. அந்தச் சுழல் எஞ்சினை என் பட்டறையில் என்னால் பழுதுபார்க்க முடியாது. ஆயினும் ஒரு தேய்மானப் பிரச்சினையோடு அந்தக் குழு அத்தனை ஆண்டுகள் போராடியதை எண்ணும்போது, அதே தேய்மானத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் எனக்குத் தலை தாழ்கிறது.

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த இசூசு 117 கூபே கண்ணுக்கு விருந்து. 1970-ன் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கூபே பந்தயத்துக்கென்றே பிறந்தது. 1983-ன் டொயோட்டா ஏஇ86 கரோலாவோ 240 இசட்டின் உண்மையான வாரிசு: மற்ற கரோலாக்கள் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிய வேளையில் அதன் கூபேக்கள் மட்டும் பின்சக்கர இயக்கத்தைக் காத்துக்கொண்டன, அதன் 1,587 சிசி எஞ்சினை எங்கள் பகுதிப் பட்டறைகள் கூச்சமின்றித் திறந்துவிடும். கோயம்புத்தூரில் பந்தய ஓட்டுநர் எஸ். கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார் உருவாக்கியதும் இதே மனப்பாங்குதான் என்று கருதுகிறேன்.

வாங்க விரும்புகிறவர்கள் துருவுக்கு அஞ்ச வேண்டும். அக்கால ஜப்பானியத் தகடு மெல்லியது. 240 இசட்டில் பேட்டரித் தட்டின் அடி, தரையின் கீழ்ச் சட்டங்கள், பின்கதவின் விளிம்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இடவப்பாதி மழை பெய்யும் கேரளத்தில் அதை வெளியே நிறுத்திவைப்பது பாவம். இந்தியாவில் 1950-க்கு முன் செய்யப்பட்ட பழங்கார்களுக்கு மட்டும் இருந்த இறக்குமதி அனுமதி, 2025-ல் 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கும் விரிந்துவிட்டது. 1973 வரை செய்யப்பட்ட 240 இசட்டுகள் அனைத்தும் இப்போது அந்த வரம்புக்குள் வருகின்றன. ஜப்பானிலும் பிரிட்டனிலும் விற்றவை நம்மைப் போலவே வலப்பக்க ஸ்டியரிங் கொண்டவை. பழங்கார்களுக்கான 2021-ம் ஆண்டுப் பதிவு விதிகள் சேஸியையும் பாடியையும் எஞ்சினையும் பெரிதாக மாற்றக் கூடாது என்கின்றன. எல்24-ஐக் கழற்றி எறிந்துவிட்டு அமெரிக்க வி8 எஞ்சினைத் திணிக்கும் வழக்கம் வெளிநாடுகளில் பரவியிருப்பதால், இந்த விதியை நான் மனமார வரவேற்கிறேன். 83 மி.மீ. சிலிண்டர் தேய்ந்திருந்தால் அரை மில்லிமீட்டர் கூட்டிப் போரிங் செய்து, ஹோனிங் பிடித்து, அதாவது உட்சுவரை நுண்ணியதாகத் தேய்த்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் கொடுத்தால் அதே எஞ்சின் மீண்டும் ஓடும். அதற்கான இயந்திரம் என் பட்டறையிலேயே இருக்கிறது.