கடைசிப் பாய்ச்சல்

பழைய மாணவர் மலருக்கு எழுதித் தரச் சொல்லிச் சங்கத்திலிருந்து கேட்டபோது, நம் பள்ளி மைதானத்து மணல் கிடங்குதான் முதலில் கண்ணுக்குள் வந்தது. அதை எனக்கு நினைவூட்டியவர் யூடோ ஹொரிகோமே என்ற ஜப்பான் ஸ்கேட்போர்ட் (சக்கரப் பலகை) வீரர்.

என் மகன் இங்கே பாரிஸில் ஸ்கேட்போர்டும் கையுமாக ரிபப்ளிக் சதுக்கமே கதியென்று கிடப்பவன். படிப்பைக் கெடுக்கிற விளையாட்டு என்று பல நாள் ஏசியிருக்கிறேன். யூடோவின் கதையைச் சொன்னது அவன்தான். 1999இல் டோக்கியோவின் கோட்டோ வட்டாரத்தில் பிறந்தவர், அப்பா டாக்சி ஓட்டுநர், அவரும் இளமையில் ஸ்கேட் செய்தவர் என்பதால் மகனை அந்த வழியில் கொண்டுபோனார். பள்ளி முடிந்ததும் யூடோ லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். போட்டியில் வெல்வது மட்டும் இந்தத் தொழிலுக்குப் போதாதாம் அப்பா, என்றான். தெருவில் இருக்கிற நிஜப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, வாங்கு விளிம்பு இவற்றில் செய்ததைப் படம்பிடித்து வெளியிட வேண்டும், சில விநாடிக் காட்சிக்காக ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் விழ வேண்டும், அதைப் பார்த்துத்தான் பலகைக் கம்பனியும் சப்பாத்துக் கம்பனியும் ஒப்பந்தம் தரும், தன் பெயர் போட்ட பலகை கடைக்கு வந்தால்தான் ஒருவர் 'ப்ரோ'. அதற்கெல்லாம் கலிபோர்னியாதான் இடம். 2018இல் லண்டனில் ஸ்ட்ரீட் லீக் என்ற தொழில்முறை ஸ்கேட்போர்ட் தொடரின் சுற்றை வென்றார். 2021இல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஸ்கேட்போர்ட் சேர்ந்தபோது, பிறந்த அதே கோட்டோவில் தங்கம்.

அப்புறம் தடுமாற்றம். பாரிஸ் ஒலிம்பிக்குக்கான இடமே புடாபெஸ்டில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில்தான் உறுதியானது.

2024 ஜூலை 29. மழையால் இரண்டு நாள் தள்ளிப்போன போட்டி, கொன்கோர்ட் சதுக்கத்தில். நாங்கள் வீட்டில் டிவி முன்னால். தடத்தில் தொடர்ந்து ஓடிக் காட்டும் ஓட்டத்துக்கு யூடோவுக்கு 89.90 புள்ளி, தனியாகச் செய்யும் ஒரு வித்தைக்கு 94.16. வித்தைக்கான ஐந்து முயற்சியில் சிறந்த இரண்டை ஓட்டப் புள்ளியோடு கூட்டுவார்கள், ஆனால் அவர் விழுந்துகொண்டே இருந்தார். ஒரேயொரு முயற்சி மிச்சம், பதக்க இடத்தில் அவர் இல்லை.

நான் பத்தாம் வகுப்பில் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நின்ற இடமும் அதுதான். நீளம் பாய்தல், மிதிபலகையைத் தாண்டிக் கால் வைத்ததால் முதல் இரண்டும் ஃபவுல். கிடங்கருகே நின்ற விளையாட்டு சேர், "தம்பி, பலகையைப் பார்த்துப் பயப்படாதை, முழு வேகத்திலை வா" என்றார். நான் பயந்தேன். பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே கால் ஊன்றிப் பாய்ந்தேன். செல்லுபடியான பாய்ச்சல், நாலாம் இடம். சேர் ஒன்றும் சொல்லவில்லை, என் முதுகில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

யூடோ பயப்படவில்லை. பலகையின் முன்பக்கத்தைத் தட்டி எழும்பி, 270 பாகை சுழன்று, வால் பக்கத்தைக் கம்பியில் பதித்து வழுக்கி இறங்கினார். 97.08! மொத்தம் 281.14, இரண்டாவதாக வந்த ஜாகர் ஈட்டனுக்கு 281.04. மகன் கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

அன்றிரவு மகனுக்கு அந்த மணல் கிடங்கைப் பற்றியும் சேரைப் பற்றியும் சொன்னேன். அந்தப் போட்டியில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அனுப்பி வையுங்கள், அவன் சேரைப் பார்க்க வேண்டுமாம்.